அநியாயம் செய்தவரோடும் கிறிஸ்தவன் சமாதானமாக இருக்க வேண்டுமா?

சொத்துப் பிரிவில் அண்ணன் ஏமாற்றிவிட்டார், கிறிஸ்தவன் என்பதால் வாயை மூடிக்கொண்டு போகணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை.

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 26-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கேரார் பள்ளத்தாக்கில் ஆபிரகாமின் மகன் ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய கிணற்றில் ஊற்று வந்ததும் அந்த ஊர் மேய்ப்பர்கள் தண்ணீர் எங்களுடையது என்று சண்டைக்கு வருகிறார்கள், அவர் அதை விட்டுவிட்டு இன்னொன்று தோண்டுகிறார், அதற்கும் சண்டை, மூன்றாவதற்குத்தான் யாரும் வரவில்லை. வறண்ட நிலத்தில் கிணறு தோண்டுவது என்ன பாடு என்று நமக்குத் தெரியாதா? ஆனால் அவர் நடந்ததை மறைக்கவில்லை. முதல் கிணற்றுக்கு வாக்குவாதம் என்றும் அடுத்ததற்குப் பகை என்றும் பொருள்படவே பெயர் வைத்தார். அப்புறம் அவரைத் துரத்திய கேராரின் ராஜா அபிமெலேக்கே உடன்படிக்கைக்கு வந்தபோது, என்னைப் பகைத்துத் துரத்திவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார், கேட்டுவிட்டு விருந்தும் வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எல்லாரோடும் சமாதானமாக இருங்கள் என்று சொல்லும் ரோமர் 12:18-லும் 'கூடுமானால், உங்களாலானமட்டும்' என்றுதான் இருக்கிறது, அண்ணன் மனம் மாறுவது உங்கள் கையில் இல்லை. பிலிப்பி நகரில் தன்னை விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று அப்போஸ்தலன் பவுல் பிடிவாதமாக நின்றாரே! அதனால் உங்கள் பங்கைத் தாராளமாகக் கேளுங்கள், பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் போய் வாருங்கள்.