பழைய சிஎன்சி லேத்துக்குப் புதுக் கண்ட்ரோலர் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். 1990ஆம் ஆண்டு ஜப்பானிய சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபானுக் 0-டி கண்ட்ரோலர் (மெஷினை இயக்கும் கணினி), எட்டு டூலைத் தாங்கித் திரும்பும் ஹைட்ராலிக் டரட். திரை மங்கிப் போய்விட்டது. மழை நாள்களில் காலையில் ஆன் செய்தால் சர்வோ அலாரம் (அச்சுகளை நகர்த்தும் மோட்டார் பகுதியில் கோளாறு என்ற எச்சரிக்கை) வருகிறது. மெஷின் விற்பவர் ஒருவர், பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன், லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் குறைந்த செலவில் முடித்துவிடலாம் என்கிறான். எது சரி?

பதில்: இருவருமே கண்ட்ரோலரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இரும்பை.

டரட்டில் டயல் கேஜைப் பொருத்தி, இசட் அச்சில் (நீளவாக்கில்) 0.01 மி.மீ. வீதம் ஒரு பக்கம் நகர்த்தி, பிறகு மறுபக்கம் திருப்புங்கள். முள் அசையாமல் எத்தனை படி போகிறதோ அதுதான் பேக்லாஷ், அதாவது திசை திரும்பும்போது வரும் தளர்வு. இதை, வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில், நடுவில், மறுமுனையில் டெயில்ஸ்டாக் பக்கம் என மூன்று இடங்களில் செய்யுங்கள். மூன்றிலும் ஒரே அளவு வந்தால் கவலை இல்லை, கண்ட்ரோலரில் ஈடுகட்டலாம். சக்குக்கு அருகே மட்டும் அதிகம் என்றால், அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூ அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. வேலை நடப்பதெல்லாம் அங்கேதானே. அப்போது ஒற்றை எண்ணைப் பேக்லாஷ் பாராமீட்டரில் (கண்ட்ரோலரில் பதியும் அமைப்பு எண்) போட்டால் ஒரு பக்கம் சரியாகும், மறுபக்கம் கெடும். எக்ஸ் அச்சில் (குறுக்குவாக்கில்) இன்னும் கவனம் தேவை: அங்கே 0.01 மி.மீ. தவறினால் விட்டத்தில் 0.02 மி.மீ. தெரியும்.

அப்புறம் 200 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய வெட்டு ஒன்று எடுத்து இரு முனைகளிலும் மைக்ரோமீட்டர் வையுங்கள். ஹெட்ஸ்டாக் (சக்கைத் தாங்கும் தலைப்பகுதி) விலகியிருந்தாலும் டேப்பர் (இரு முனை விட்டமும் வேறுபடுவது) வரும், வழித்தடம் தேய்ந்திருந்தாலும் டேப்பர் வரும். முதலாவதைச் சீர்செய்யலாம். இரண்டாவது என்றால், என் கருத்தில், அந்த மெஷினில் ஒரு வெள்ளியும் போடாதீர்கள். எந்தக் கண்ட்ரோலரும் தேய்ந்த வழித்தடத்தை நிமிர்த்தாது.

இரும்பு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது உங்கள் இரண்டு கோளாறுகள். மங்கிய திரை பெரிய விஷயமே இல்லை. அந்தப் பழைய படக்குழாய்க்குப் பதிலாக அப்படியே மாட்டக்கூடிய எல்சிடி திரைகள் விற்கின்றன. மழைக்காலை அலாரம்தான் எனக்குச் சந்தேகம் தருகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் இப்படி வந்தால் மோட்டாரிலோ கேபிளிலோ கூலண்ட் இறங்கி இன்சுலேஷன் பலவீனமாகியிருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் கேபிளை டிரைவிலிருந்து (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) முழுதாகக் கழற்றிவிட்டு மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். கழற்றாமல் மெக்கர் வைத்தால் டிரைவ் போய்விடும், ஜாக்கிரதை. கேபிள்தான் காரணம் என்றால் புதுக் கண்ட்ரோலர் போட்ட பிறகும் அதே மழையில் அதே அலாரம் வரும்.

இவை இரண்டும் சரியாகிவிட்டால் கண்ட்ரோலரை மாற்றாமலே சில ஆண்டுகள் ஓட்டலாம். எப்படியானாலும் இந்த வாரமே பாராமீட்டர்களை ஆர்எஸ்-232 கேபிள் வழியாகக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். 900 எண்ணில் தொடங்கும் பாராமீட்டர் பக்கங்களைத் தனியாகப் படமும் பிடித்து வையுங்கள். இவை பேட்டரியின் தயவில் இருப்பவை. அந்தப் பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போது மட்டுமே மாற்ற வேண்டும்.

இல்லை, மாற்றியே ஆக வேண்டும் என்றால், அக்கா மகன் சொல்வதற்கு வருவோம். லினக்ஸ்சிஎன்சி விளையாட்டுப் பொருள் அல்ல. சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் எண்கோடரை (சுழற்சியை அளக்கும் சென்சார்) நேரடியாகப் படித்து, அதன் சுழற்சியோடு இசட் அச்சைப் பூட்டி, ஜி76 கட்டளையில் ஒழுங்காகத் த்ரெட் (மரை) போடும். சுற்றுக்கு ஒரே ஒரு பல்ஸை மட்டும் பார்க்கும் மலிவான முறைகளில் வெட்டின் பளு ஏறி ஸ்பிண்டில் வேகம் குறையும்போது பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) கெடும். உங்கள் மெஷினில் ஸ்பிண்டில் எண்கோடர் ஏற்கெனவே இருக்கும், பெரும்பாலும் சுற்றுக்கு 1024 பல்ஸ். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் டிரைவில் இருக்கிறது. இதைவிடப் பழைய மெஷின்களில் கண்ட்ரோலர் டிரைவுக்கு அனலாக் வோல்டேஜ் ஒன்றைத்தான் கொடுக்கும். எவ்வளவு வோல்ட்டோ அவ்வளவு வேகம். அத்தகைய டிரைவையும் மோட்டாரையும் அப்படியே விட்டுவிட்டு மேலே உள்ள கண்ட்ரோலரை மட்டும் மாற்றலாம். 0-டி வகையில் பெரும்பாலும் டிஜிட்டல் சர்வோ. டிரைவின் டிரான்சிஸ்டர் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைக்கூடக் கண்ட்ரோலரே சொல்லும்; டிரைவுக்குச் சொந்த மூளை கிடையாது. ஃபானுக்கை எடுத்தால் டிரைவும் பயன்படாது, மோட்டாரையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். அக்கா மகன் போட்ட கணக்கில் இரண்டு ஏசி சர்வோ செட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டிரைவ் வாங்கும்போது இன்னொன்று. இங்கே மும்முனை மின்சாரம் 400 வோல்ட். ஜப்பானிய மெஷின் 200 வோல்ட்டில் ஓடுவது, நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். 400 வோல்ட் டிரைவ் வாங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். ஆனால் ஹைட்ராலிக் பம்ப்பும் கூலண்ட் பம்ப்பும் அப்போதும் 200 வோல்ட்தான். 200 வோல்ட் வகை டிரைவையே வாங்குங்கள்; டிரான்ஸ்ஃபார்மர் இருக்கட்டும். மெஷினுக்கு வரும் மின் இணைப்பில் கை வைப்பதென்றால் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

நாள்களைத் தின்னும் வேலை டரட். எந்த டூல் வந்திருக்கிறது என்பதைச் சில சுவிட்சுகள் சேர்ந்து குறியீடாகச் சொல்லும். கிளாம்ப் ஆனதா, விலகியதா என்பதற்குத் தனிச் சிக்னல். இந்த வரிசை முழுவதையும் லேடரில் (சுவிட்ச், சிக்னல் வரிசையைக் கவனிக்கும் நிரல்) புதிதாக எழுத வேண்டும். கிளாம்ப் உறுதியாகும் முன் அச்சு நகர்ந்தால் டரட் போய்விடும். பழைய மின் வரைபடம் கையில் இருக்கிறதா என்று இப்போதே அலமாரியைத் தேடுங்கள். இல்லையென்றால், பழைய கண்ட்ரோலர் உயிரோடு இருக்கும்போதே அதன் டயக்னாஸ்டிக் பக்கத்தைத் திறந்து வைத்து, டரட்டை ஒவ்வொரு டூலாகத் திருப்பி, எந்த பிட் (0/1 சிக்னல்) மாறுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவசர நிறுத்தப் பொத்தான் பாதுகாப்பு ரிலே வழியாக நேரடி வயரில் போக வேண்டும். மென்பொருளை நம்பி இருக்கக் கூடாது. சக் அழுத்தம் குறைந்தால் ஸ்பிண்டில் ஓடவே கூடாது. கதவு இன்டர்லாக்கை (கதவு திறந்திருந்தால் மெஷினை ஓடவிடாத பூட்டு) பிறகு பார்க்கலாம் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். மெஷினை மாற்றியமைத்தபின் இடர் மதிப்பீட்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். விபத்து நடந்தால் மனிதவள அமைச்சு முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் இருக்கும்.

என் தேர்வைக் கேட்டால்: தினமும் வாடிக்கையாளர் வேலை ஓடும் லேத் இது. ஃபானுக் 0ஐ-டிஎஃப், சீமென்ஸ் 828டி, மிட்சுபிஷி எம்80 போன்ற ஒன்றை டிரைவ், மோட்டாரோடு ஒரே செட்டாக எடுங்கள். விலை கூடும். ஆனால் மூன்று ஆண்டு கழித்து அக்கா மகன் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் சிங்கப்பூரில் வந்து பார்க்க ஆள் கிடைக்கும். அவனுடைய ஆர்வம் வீணாக வேண்டாம். டரட் சிக்னல்களை எழுதி எடுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். மூலையில் சும்மா கிடக்கும் இன்னொரு மெஷின் இருந்தால் லினக்ஸ்சிஎன்சியை அதில் போடட்டும்.

என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் மானியத்துக்கு முயல்வதாக இருந்தால் கையெழுத்தும் முன்பணமும் விண்ணப்பித்த பிறகுதான். தொடங்கிவிட்ட திட்டத்தை ஏற்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில், புதிய மின் பேனலை வேலை எடுப்பவர்கள் தங்கள் இடத்திலேயே கட்டி முடித்த பிறகுதான் உங்கள் மெஷினை நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையை மெஷின் ஆன் ஆனதும் கொடுத்துவிடாமல், நீங்கள் வழக்கமாகச் செய்யும் ஜாப் ஒன்றைத் த்ரெட்டோடு வெட்டிக் காட்டி, அது கேஜில் பாஸான பிறகு கொடுங்கள்.