கர்னலின் பெட்டியும் கடிதம் கேட்கும் வியாபாரியும்

கேள்வி: வட கரோலினாவில் வசிக்கிறேன். என் மனைவியின் முன்னோர் ஒருவர் வழக்கறிஞர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில் கர்னலாக இருந்தவர். மாமனார் வீட்டுப் பரணில் அவருடைய கடிதங்கள், கணக்குகள், வழக்குக் காகிதங்கள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. போர்க்காலக் கடிதங்களை மட்டும் ஒரு வியாபாரி விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? கிழிந்தவற்றை லேமினேட் செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். கிழிந்த தாளைச் செலோடேப்பாலும் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுத்து எழுத்துக்குள் ஊறிவிடும். அமிலமற்ற உறையில் மடிப்பை நீக்கி வைத்தாலே இப்போதைக்குப் போதும்.

வியாபாரியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. போரின்போது தெற்கில் காகிதம் கிடைக்காமல், வந்த உறையையே பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி ஒட்டி மீண்டும் அனுப்பினார்கள். அப்படிப்பட்ட உறையும் அதன் தபால்தலையும்தான் அவருக்கு வேண்டும். மீதியைக் 'குப்பை' என்பார். அந்தக் குப்பையில்தான் பாகப்பிரிவினைப் பட்டியல்களும் அடிமைகளை விற்ற, வாடகைக்கு விட்ட கணக்குகளும் இருக்கும். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்கள் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயதையும் பாலினத்தையும் எழுதின. அந்த மனிதர்களின் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. விடுதலை பெற்றோர் அனைவரும் பெயரோடு பதிவானது 1870இல்தான். அதற்கு முந்தைய தம் பாட்டியின் பெயரைத் தேடும் ஒருவருக்கு உங்கள் பெட்டியில் உள்ள ஒரு வரி மட்டுமே சான்றாக இருக்கக்கூடும். அதைப் பிரித்து விற்பது பாவம் என்றே சொல்வேன்.

வழக்கறிஞரின் பெட்டி என்பதால் இன்னொன்றையும் விரித்துச் சொல்ல வேண்டும். அவர் எழுதிய வரைவும் கட்சிக்காரரின் கடிதமும் குடும்பத்துடையவை; நீதிமன்றத்தில் தாக்கலான மூலப் பிரதி அப்படியல்ல. பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட வில்லியம் ஹூப்பர், 1767, 1768இல் கையெழுத்திட்ட குற்றப்பத்திரிகைகளை ஒருவர் ஏலத்தில் காசு கொடுத்தே வாங்கியிருந்தார். இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் அவை அரசின் சொத்தே என்று வட கரோலினா உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. தென் கரோலினா ஆளுநர்களின் போர்க்காலக் கடிதங்கள் தொடர்பான வழக்கிலோ, 2006இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைத் தலைமுறைகளாக வைத்திருந்த குடும்பத்தின் பக்கமே நின்றது. தனக்குரியவை என்று அந்த மாநிலத்தால் நிரூபிக்க முடியவில்லை. ஆகவே நீதிமன்ற முத்திரையோ தாக்கல் குறிப்போ உள்ள தாளைத் தனியே குறித்து வையுங்கள், விற்காதீர்கள்.

சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1930இல் தொடங்கிய தென்மாநில வரலாற்றுத் தொகுப்பு இத்தகைய குடும்பக் காகிதங்களுக்கு ஏற்ற இடம். வழக்கறிஞராகவும் தளபதியாகவும் இருந்த மேட் ரான்சமின் காகிதங்கள் அங்கேதான் உள்ளன. கொடைக்காக வரிச்சலுகை கோரும் தொகை 5,000 டாலரைத் தாண்டினால் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். கொடையைப் பெறும் காப்பகம் அந்த மதிப்பீட்டைச் செய்யக் கூடாது. நல்லெண்ணத்தோடு கொடுக்க வருகிறவரை மதிப்பீட்டுக் கட்டணத்துக்கும் படிவத்துக்கும் மாதக்கணக்கான காத்திருப்புக்கும் நடுவே அலையவிடும் இந்த முறையே பலரை வியாபாரியிடம் தள்ளுகிறது. வாங்க வந்தவரையே மதிப்பிடச் சொல்லும் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள்.

மூன்றாக மடித்து, வெளிப்புறம் வழக்கின் பெயர் எழுதி, நாடாவால் கட்டிய கட்டுகள் இருந்தால், அவிழ்க்கும் முன் படமெடுத்து உறையில் பென்சிலால் எண்ணிடுங்கள். எது எதோடு இருந்தது என்பதும் சான்றுதான். கொடைப் பத்திரத்தில் ஒப்பமிடும்போது, காப்பகம் வேண்டாம் என்று ஒதுக்கும் தாள்களைக் குடும்பத்திடமே திருப்பித் தர வேண்டும் என்ற வரியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.