அண்ணாச்சிகிட்ட கேளுங்க: கான்சாகிப் நல்லவரா கெட்டவரா?

அண்ணாச்சி, போன இதழ்ல பாளையங்கோட்டை கோட்டைய பத்தி எழுதும்போது கான்சாகிப ‘நல்ல நிர்வாகி’ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டிய. நெற்கட்டும்செவல் பக்கம் வந்து அத சொல்லிப் பாருங்க. பீரங்கி வச்சு எங்க கோட்டைய ஒடச்ச ஆளு உங்களுக்கு நல்லவரா? (வாசகர், சங்கரன்கோவில்)

கோவப்படாதிய. நல்லவர்னு நான் எழுதல, நல்ல நிர்வாகின்னுதான் எழுதுனேன், ரெண்டும் வேற வேற. இந்த ஒரே வார்த்தைக்கு மதுரப் பக்கத்து வாசகர் ஒருத்தர் நன்றி சொல்லி கடுதாசி போட்டிருக்காரு, நீங்க திட்டி போட்டிருக்கிய.

கான்சாகிப்னு நாம சொல்லுத யூசுப்கான் ராமநாதபுரம் சீமைல பனையூர்ல பொறந்தவரு, மொதப் பேரு மருதநாயகம்னு சொல்லுதாவ. வெள்ளக்காரனோட கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துல சேந்து, 1752ல இருந்து 54 வர நடந்த திருச்சி முற்றுகைல வெள்ளக்காரன் பட்டாளம் பட்டினி கெடக்காம எதிரி நடுவுல புகுந்து அரிசி மூட்டைய கொண்டு சேத்தவரு, அதுக்காக தங்க மெடலும் வாங்குனவரு. அவருக்கு கீழதான் சிப்பாய்ங்க அத்தன பேரும். அந்த கமாண்டன்ட்ங்கற பதவிப் பேருதான் நம்ம சனங்க வாய்ல கும்மந்தான்னு ஆயிட்டு.

இங்கன அவர எதுக்கு அனுப்புனாவன்னா, வரிக்கு. ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிகிட்ட கழுத்து வர கடன். கடன அடைக்க மதுர, திருநெல்வேலி வரிதான் வழி, தாமிரபரணி தண்ணில காரு பிசானம்னு ரெண்டு போகம் வெளையுத சீமையாச்சே, ஆனா பாளையக்காரங்க ஒருத்தரும் குடுக்க மாட்டேங்காவ. 1755ல கர்னல் ஹெரான் வந்தாரு, நெற்கட்டும்செவல் பாளையக்காரரு பூலித்தேவர்கிட்ட இருபதாயிரம் ரூவா குடுத்தா போயிருதேன்னு பேரம் பேசுனாரு, நயா பைசா கெடைக்காம திரும்புனாரு. உங்க பக்கம் ‘நெல்லு கட்டான் செவல்’னு பேரு மாறுன கதைய பெரியவங்க சொல்லுவாவள்லா, அந்த வீம்புதான் அது. அதுக்குப் பொறவு 1756ல கான்சாகிப அனுப்புனாவ. அவரு பேரம் பேச வந்த ஆளு இல்ல.

இன்னொரு கூத்த கேளுங்க, நவாபோட சொந்த அண்ணன் மாபூஸ்கானே பூலித்தேவர் பக்கம் சாஞ்சுட்டாரு, அப்ப எதிரி யாரு சொந்தம் யாருன்னு கான்சாகிபுக்கே தலைய சுத்தியிருக்கும். 1759 கடைசில வாசுதேவநல்லூர் கோட்டைல மோதி தோத்துட்டாரு. வெறும் மண்ணு கோட்டைதான், ஆனா கல்லுச் சுவரு மாதிரி குண்டு பட்டா சிதறாது, உள்ள வாங்கிக்கிடும். திருவிதாங்கூர் ராசாவோட உதவி வேணும்னு கான்சாகிப் களக்காட்டுப் பக்கத்த அவுகளுக்கு விட்டுக்குடுத்தாரு, நம்ம ஊர வேற ஒருத்தருக்கு தூக்கிக் குடுக்க இவரு யாருன்னு எனக்கே கோவம் வருது. கடைசில 1761 மே மாசம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூணு கோட்டையும் விழுந்துச்சு (இந்தப் பனையூர் நம்ம பக்கத்து பனையூர், அவரு பொறந்த ஊரு இல்ல). பூலித்தேவர் கடலாடிப் பக்கம் போயிட்டாருன்னு ஏடு சொல்லுது, சங்கரன்கோவில் கோயிலுக்குள்ள போய் மறைஞ்சுட்டாருன்னு உங்க ஊரு சொல்லுது. ஏடு எழுதுனவன் வெள்ளக்காரன், நீங்க ஒங்க பாட்டி சொன்னத நம்புங்க, நான் குறுக்க வரல.

அவரு ராசாவா, கலெக்டரா? என்னதான் பதவி? (வாசகர், பேட்டை)

குத்தகைக்காரரு! வருசத்துக்கு அஞ்சு லட்சம் கட்டுதேன்னு சொல்லி ரெண்டு சீமையவும் எடுத்தாரு. மிச்சம் வந்தா அவருக்கு, பட்டாளம் அவரு கைல, தட்டிக் கேக்க ஆளே இல்ல. கொளம், கண்மாய் வெட்டுனது, திருட்ட ஒடுக்குனது, நெசவாளிக்கு முன்பணம் குடுத்தது, மீனாட்சி கோயில் சொத்துக்கு ஒழுங்கு பண்ணுனதுன்னு மதுரைல இன்னும் பேரு இருக்கு, கான்சாமேட்டுத் தெருன்னு தெருவே இருக்கு. வெளஞ்சாத்தான வரி, அதான் கொளத்த வெட்டுனாருன்னு சொல்லுதவங்களும் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோணுது, ஆனா காசுக்காக வெட்டுனாலும் கொளம் கொளந்தான, தண்ணி நிக்கும்லா.

சொந்த ஆளையே கம்பெனி ஏன் தூக்குல போட்டான்? (வாசகி, தென்காசி)

ரொம்ப பெரிய ஆளாயிட்டாரு, அதான். வருசத்துக்கு ஏழு லட்சம் தாரேன், இன்னும் நாலு வருசம் குத்தகைய நீட்டுங்கன்னு கேட்டாரு, முடியாதுன்னுட்டாவ. யோசிச்சுப் பாருங்க, கூடக் காசு தாரேங்கறவன வேண்டாம்னா என்ன அர்த்தம்? நவாபுக்கு பயம். இவரு எனக்கு கீழன்னு அவரு சொல்ல, இல்ல நான் கம்பெனி ஆளுன்னு இவரு சொல்ல, கம்பெனி நவாப் பக்கம் நின்னுட்டு. அப்பதான் மதுரக் கோட்டைல பிரெஞ்சுக்காரன் கொடிய ஏத்துனாரு. அதுவர நம்ம பாளையக்காரங்கள அடிச்சு நொறுக்கிட்டு, தனக்குன்னு வரும்போதுதான் வெள்ளக்காரன் எதிரியாத் தெரிஞ்சிருக்கான், அதனால சுதந்திரப் போராட்ட வீரர்னு அவர ஒரேயடியா தூக்கி வைக்க எனக்கு கை வரல. ஆனா நின்னு சண்டை போட்டாரு பாருங்க, அத குறச்சு சொல்லக் கூடாது. 1763ல மொத முற்றுகைய முறிச்சாரு, 64 சூன் மாசம் மேஜர் பிரஸ்டன் ஏறி அடிச்சும் கோட்டை விழல, பிரஸ்டன் அந்தக் காயத்துலயே செத்துப் போனாரு. பொறவு வளச்சுக்கிட்டு பட்டினி போட்டாவ. உள்ள கெடந்தவங்க எவ்வளவு நாளு தாங்குவாவ, அக்டோபர் 13ந்தேதி தொழுகைல இருந்தவர அவரோட ஆளுங்களே, திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரன் மார்ச்சந்தும் சேந்து, கட்டிப் பிடிச்சுக் குடுத்துட்டாவ. 15ந்தேதி தூக்கு.

அவரு கைய பாளையங்கோட்டைல புதைச்சாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. நெசமா அண்ணாச்சி? (காலேஜ் மாணவர், பாளையங்கோட்டை)

தாத்தா மட்டுமில்ல தம்பி, மதுரக்காரங்களும் அதையேதான் சொல்லுதாவ. தலை திருச்சிக்கு, கை பாளையங்கோட்டைக்கு, காலு பெரியகுளத்துக்கும் தஞ்சாவூருக்கும்னு சொல்லுவாவ. ஒடம்பு மட்டும் மதுர சம்மட்டிபுரத்துல, தேனி ரோட்டுல, 1808ல அதுமேல கட்டுன கான்சாகிப் பள்ளிவாசல் இன்னிக்கும் இருக்கு. இங்கன எந்த எடத்துல கைய பொதச்சாவன்னு காட்ட ஒரு கல்லுகூட நான் பாத்ததில்ல. மேடை போலீஸ் ஸ்டேசன் தாண்டிப் போகும்போது அந்த பழைய கோட்டைச் சுவர ஒரு நிமிசம் நின்னு பாருங்க, நான் பஸ்ஸுல போனாக்கூட ஜன்னல் வழியா பாத்துருவேன்.