காணி உறுதியை அடகு வைக்க முதல்

கேள்வி: மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தி. முதல் தரம் எழுதினாள். இசட் புள்ளி போதாமல் கெம்பஸ் கிடைக்கவில்லை. கொழும்பில் ஒரு தனியார் வணிகப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். இந்தக் கிழமைக்குள் முற்பணம் கட்டினால் கழிவு தருவார்களாம். காணி உறுதியை வங்கியில் வைக்கலாமா?
– ஒரு தாய், பாலையூற்று, திருகோணமலை

பதில்: சகோதரி, இந்தக் கிழமை வைக்க வேண்டாம். மகளின் ஆசையில் ஒரு பிழையும் இல்லை, அவசரம்தான் கூடாது.

முதலில் ஒன்றைக் கேளுங்கள். கடைசியில் அவள் கையில் கிடைக்கும் பட்டத்தில் யாருடைய பெயர் இருக்கும்? ஹோமாகமவில் உள்ள என்.எஸ்.பி.எம். போன்ற சில நிறுவனங்கள் தாங்களே பட்டம் வழங்க அரசின் அனுமதி பெற்றவை. ஆனால் அதே வளாகத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களும் நடக்கின்றன. அதனால் நிறுவனத்தின் பெயரைப் பார்த்தால் போதாது, அவள் சேரப்போகும் பாடநெறிக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பட்டியலில் பாருங்கள். பட்டங்களின் தரத்தை மட்டம் பிரித்துக் காட்டும் தேசிய தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். மகளின் பட்டம் எந்த மட்டம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் காசு. என் அக்காவின் மகன் இப்படித்தான் ஓரிடத்தில் சேர்ந்தான். இரண்டு வருடம் போன பிறகுதான் இறுதியாண்டுக் கட்டணம் பிரிட்டிஷ் பவுணில் என்று வீட்டுக்குத் தெரிந்தது. அது 2022. 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை போனது, பவுணும் கூடவே ஏறியது. அத்தான் குசினி மேசையில் இருந்து கல்குலேட்டரை அழித்து அழித்துத் தட்டியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சேரும்போது கொடுத்த கட்டணத் தாளில் முதல் இரண்டு வருடம் மட்டும்தான் இருந்தது. நீங்கள் கடைசி வருடம் வரை, பரீட்சைக் கட்டணம், போர்டிங் எல்லாம் சேர்த்து ஒரே தாளில் கேளுங்கள்.

அங்கீகாரம் பெற்ற தனியார் பட்டங்களுக்கு 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இருக்கிறது. இந்த முறை விண்ணப்பம் கோருகிறார்களா என்று உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சில் விசாரியுங்கள். காணியைத் தொடாமலே வழி பிறக்கலாம்.

உயர்தரம் மூன்று தரம் எழுதலாம், மகளுக்கு இன்னும் இரண்டு மிச்சம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே முகாமைத்துவம் படிப்பிக்கிறார்கள், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். இன்னொரு தரம் எழுத மனம் இருக்கிறதா என்று, கொழும்புப் பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவளிடம் ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள்.