தங்க நகை வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நகையில் 916 என்று முத்திரை இருந்தால் போதுமா? (கும்பகோணம் வாசகி)

போதாது. 916 என்ற எண்ணை மட்டும் யாரும் பொறித்துவிட முடியும். இன்று செல்லத்தக்க ஹால்மார்க் என்பது மூன்று குறிகள் சேர்ந்தது: இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22கே916 (22 காரட், அதாவது 91.6 சதவீதத் தங்கம்) என்பது போன்ற தூய்மைக் குறி, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளம். ஹால்மார்க் கட்டாயமான மாவட்டங்களில், 2023 ஏப்ரல் 1 முதல் இந்த 6 இலக்கம் இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு விலக்கு உண்டு என்பதால், சிறு மூக்குத்தியில் அதைத் தேட வேண்டியதில்லை.

குறிகள் மிகச் சிறியவை. கடையிலேயே உருப்பெருக்கிக் கண்ணாடி கேளுங்கள். அதை வைத்திருப்பது அவர்கள் கடமை. பிறகு, பணம் கட்டுவதற்கு முன்பே, தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த 6 இலக்க அடையாளத்தை இட்டுப் பாருங்கள். ஹால்மார்க் செய்த மையம், நகையின் வகை, தூய்மை ஆகியவை திரையில் வரும். கையில் இருப்பது சங்கிலி, செயலி காட்டுவது மோதிரம் என்றால் அந்த நகையை வாங்காதீர்கள்.

'செய்கூலி இல்லை' என்று சொல்லும் கடையில் வாங்குவது லாபமா? (திருநெல்வேலி வாசகர்)

எனக்கு வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுவே, ஏனெனில் நம் மக்கள் பணத்தை அதிகம் இழப்பது தூய்மையில் அல்ல, இந்தக் கணக்கில்தான்.

கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2 பவுன், அதாவது 16 கிராம் சங்கிலி. முதல் கடையில் செய்கூலி இல்லை, சேதாரம் 12 சதவீதம். சேதாரமாக 1.92 கிராம் சேர்ந்து 17.92 கிராமுக்கு 1,79,200 ரூபாய். 3 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் 1,84,576 ரூபாய். இரண்டாவது கடையில் சேதாரம் 8 சதவீதம்தான், ஆனால் கிராமுக்கு 600 ரூபாய் செய்கூலி. தங்கமும் சேதாரமும் 1,72,800, செய்கூலி 9,600. வரியுடன் 1,87,872 ரூபாய். சேதாரம் குறைவாகத் தெரிந்த கடையில்தான் 3,296 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். வேறு கணக்கில் முதல் கடையே அதிகம் வாங்கக்கூடும். ஆகவே சதவீதத்தைக் கேட்காதீர்கள், "இந்த நகைக்கு வரி உட்பட மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, அதே எடைக்கு இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிடுங்கள்.

சேதாரமும் செய்கூலியும் நகையை விற்கும்போது திரும்பி வராத பணம். அடிக்கடி மாற்றக்கூடிய நகை என்றால், வேலைப்பாடு குறைந்ததையே எடுங்கள்.

கல் பதித்த நெக்லஸ் வாங்கலாமா?

அழகுக்காக என்றால் தாராளமாக வாங்கலாம், சேமிப்புக்காக என்றால் வேண்டாம். எப்படி வாங்கினாலும், மொத்த எடை, கல்லின் எடை, நிகர தங்க எடை மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தங்கத்தின் விலை நிகர எடைக்கு மட்டுமே போடப்பட வேண்டும்.

கே.டி.எம். நகை என்கிறார்களே?

அது காட்மியம் கலந்த பற்றுவைப்பைக் குறிப்பது. தூய்மைச் சான்று அல்ல. அதன் புகை பொற்கொல்லர்களின் உடல்நலத்தைக் கெடுப்பது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

நகைச் சீட்டு ஏன் 11 மாதத்தோடு முடிகிறது? அதில் சேரலாமா? (சேலம் வாசகி)

பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை நிறுவனம் 365 நாள்களுக்குள் ஈடுகட்டாவிட்டால், 2014ஆம் ஆண்டு விதிகளின்படி அது வைப்புத்தொகையாகக் கருதப்படும். வைப்புத்தொகைக்கு உள்ள கட்டுப்பாடுகளைத் தவிர்க்கத்தான் 11 தவணை. வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது. கடை மூடப்பட்டால் பணம் திரும்புவது பெரும்பாடு. வீட்டின் மொத்தச் சேமிப்பையும் ஒரே சீட்டில் போட்டுவிடாதீர்கள். சேர்வதானால், ஒவ்வொரு தவணையும் அன்றைய விலையில் எடையாக வரவு வைக்கப்படுகிறதா, கடைசியில் பணமாகக் கணக்கிடப்படுகிறதா என்பதையும், சேதாரச் சலுகை எந்த அளவு வரை என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய நகையில் தூய்மை குறைவு என்று சந்தேகம். என்ன செய்வது? (கோவை வாசகர்)

அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கடைகளில் உள்ள காரட் மீட்டர் மேற்பரப்பை மட்டுமே அளப்பது என்பதால், அதன் அளவை இறுதியாகக் கொள்ள வேண்டாம். ஹால்மார்க் நகையில் குறைவு உறுதியானால், எடைக்கேற்பக் குறைந்த தூய்மையின் மதிப்பைப் போல் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் இழப்பீடாகப் பெற 2018ஆம் ஆண்டு விதிகள் உரிமை தருகின்றன. நகையின் விவரம், நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் ஆகியவை எழுதப்பட்ட பில் இல்லாமல் இந்த உரிமையைக் கோருவது மிகக் கடினம். கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.