எழுபதைக் கடந்த ராக் பாடகரைக் காண முப்பத்து மூவாயிரம் ரூபாய் தகுமா?

கேள்வி: எனக்கு வயது 62. கூட்டுறவு வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தேவகோட்டையில் இருக்கிறேன். 1982ஆம் ஆண்டு, காரைக்குடி அழகப்பா கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்த கேசட் வழியாக ஆங்கில ராக் குழு ஒன்றின் பாடல்கள் எனக்கு அறிமுகமாயின. நாடா தேய்ந்து அறுகின்ற வரையில் அதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குழு இப்போது பெங்களூருக்கு வருகிறது. பாடகருக்கு வயது 77. எனக்கும் என் மனைவிக்குமாக, மேடையை ஒட்டி நின்று பார்க்கும் பகுதியில் இரண்டு டிக்கெட்டுகள், பதிவுக் கட்டணமும் வரியும் சேர்த்து 21,800 ரூபாய் ஆகின்றன. ரயில், தங்கும் அறை, சாப்பாடு, வாடகைக் கார் எல்லாம் சேர்த்து இன்னும் 11,700 ரூபாய். ஆக மொத்தம் 33,500 ரூபாய். "குரல் போன பெரியவரைப் பார்க்க இவ்வளவு பணமா, அப்பச்சி? யூடியூபில் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறதே" என்கிறான் மகன். என்னால் செலவு செய்ய முடியும். வீண் செலவு செய்யத்தான் மனம் வரவில்லை. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: போய்வாருங்கள் என்பதே என் விடை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பு ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும், டிக்கெட்டின் வகையை மாற்ற வேண்டும், இரண்டாவது டிக்கெட் உண்மையிலேயே தேவையா என்று வீட்டில் கேட்கவும் வேண்டும்.

உங்கள் மகன் சொல்வதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். வயது ஏற ஏறக் குரல்நாண்களின் தசை மெலிகிறது, நெகிழ்ச்சி குறைகிறது, மூச்சின் நீளமும் சுருங்குகிறது. இவற்றால் முதலில் கைவிட்டுப் போவது உச்ச சுரங்கள்தான். இதனாலேயே மூத்த ராக் குழுக்கள் பலவும் தங்கள் பழைய பாடல்களைப் பதிவு செய்த சுருதியிலிருந்து அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கி வாசிக்கின்றன, எட்டாத இடங்களைக் கூட வந்த பாடகர்களிடம் விடுகின்றன, அல்லது அந்தப் பாடலையே நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுகின்றன. டீப் பர்ப்பிள் குழு 1970இல் வெளியிட்ட 'சைல்ட் இன் டைம்' என்ற நீண்ட பாடல், இயன் கில்லன் வீறிட்டுப் பாடும் உச்சக்குரலுக்காகவே பெயர் பெற்றது. 1945இல் பிறந்த அவர் அதை மேடையில் பாடுவதை நிறுத்திப் பல்லாண்டுகள் ஆகின்றன. அந்த ஒரு பாடலை எண்ணி டிக்கெட் வாங்குகிறவர் ஏமாந்து திரும்புவார். டிரம்ஸ் வாசிக்கிறவர்களின் நிலை இன்னும் கடினமானது, ஏனெனில் அவர்களுக்கு உடம்பு முழுவதுமே கருவி. அயர்ன் மெய்டன் குழுவின் நிக்கோ மெக்பிரெய்ன் 2023 ஜனவரியில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, சில மாதங்களிலேயே மேடைக்குத் திரும்பி, பழைய வேகத்தில் வாசிக்க முடியாத இடங்களை மாற்றியமைத்துக்கொண்டு வாசித்தார். 2024 டிசம்பரில் சுற்றுப்பயணங்களிலிருந்து விடைபெற்றார். ஜெனிசிஸ் குழுவின் கடைசிச் சுற்றுப்பயணத்தில், முன்பு டிரம்ஸும் வாசித்த பாடகர் ஃபில் காலின்ஸ் நாற்காலியில் அமர்ந்து பாட, அவருடைய மகன் டிரம்ஸ் வாசித்தார்.

ஆகவே நீங்கள் வாங்கப்போவது 1982இல் கேசட்டில் கேட்ட குரலை அன்று. அதே பாடல்களை அதே மனிதர் எழுபத்தேழாம் வயதில் எப்படிப் பாடுகிறார் என்பதைக் கேட்கும் வாய்ப்பைத்தான் வாங்குகிறீர்கள். இந்த வேறுபாடு நம் பக்கத்தில் யாருக்கும் புதிதாக இருக்க வேண்டியதில்லை. இன்றைய கர்நாடக இசைக் கச்சேரி முறையை வகுத்த இராமானுஜ ஐயங்காரின் அரியக்குடி, காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். முதிர்ந்த வித்துவான் ஒருவர் கட்டையைக் குறைத்துக்கொண்டு அமர்ந்து பாடுவதையும், தாரஸ்தாயியில், அதாவது மேல் சுரங்களில், சீடர்கள் பின்னாலிருந்து குரல் கொடுத்துத் தாங்குவதையும், வேகம் குறைந்த இடத்தில், ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலின் சாரம் கூடுவதையும் நம் சபைகள் பொறுமையோடு கேட்டுப் பழகியவை. அந்தச் செவியை நீங்கள் பெங்களூருக்கும் கொண்டு செல்லலாம். என்றாலும் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. சபாவில் பெரியவரின் கச்சேரிக்கு நாம் சில நூறு ரூபாய் கொடுக்கிறோம். மைதானத்தில் நடக்கும் ராக் நிகழ்ச்சியோ, வயது எதுவானாலும், இளமைக்கான விலையையே கேட்கிறது. அதனால்தான் முன்கூட்டியே சோதிக்கச் சொல்கிறேன்.

சோதனை எளிமையானது. அந்தக் குழு இப்போது செய்துவரும் சுற்றுப்பயணத்தில், கடந்த ஒன்றிரண்டு மாதங்களுக்குள், பார்வையாளர்கள் கைபேசியில் எடுத்துப் பதிவேற்றிய காணொளிகளைத் தேடுங்கள். நிறுவனமே வெளியிட்டவற்றில் பிழைகள் திருத்தப்பட்டிருக்கும் என்பதால் அவை இதற்கு உதவா. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் பாடிய ஒன்றையும், ஏறக்குறைய கடைசியில் பாடிய ஒன்றையும் முழுதாகக் கேளுங்கள். கடைசிப் பாடலிலும் அவருக்கு மூச்சு நிற்கிறதா, சொற்கள் தெளிவாக விழுகின்றனவா, கேட்டபின் இன்னொன்றைக் கேட்க உங்களுக்கு மனம் வருகிறதா என்று பாருங்கள். குரல் வெவ்வேறு ஊர்களில் சற்றே வேறுபட்டு ஒலித்தால் அது நல்ல அறிகுறி. எல்லா ஊர்களிலும் ஓர் இழைகூடப் பிசகாமல் பழைய இசைத்தட்டைப் போலவே ஒலித்தால், முன்பே பதிவு செய்த குரலை ஓடவிடுகிறார்களோ என்று ஐயப்படுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வெளிமாநில நகரம் ஒன்றில், நான் மிகவும் மதித்த பாடகர் ஒருவர் ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுத்த பின்னும் பாட்டு தடையின்றித் தொடர்ந்ததைக் கண்டேன். உடைந்த குரலில் அவர் இரண்டு வரிகள் உண்மையாகப் பாடியிருந்தால்கூட அன்று மனநிறைவோடு திரும்பியிருப்பேன்.

மேடையில் நிற்கப்போகிறவர்கள் யார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் குழுவின் பெயர் நிலைத்திருக்கும்போதே ஆட்கள் மாறிவிடுகிறார்கள். இன்றைய டீப் பர்ப்பிளில் 1968இல் குழுவைத் தொடங்கியவர்களில் எஞ்சியிருப்பவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவர்தான். ஆயினும் அவரும் கில்லனும் இருக்கும் வரை அது மதிக்கத்தக்க குழுவே என்பது என் கருத்து. உங்கள் கேசட்டில் இருந்தவர்களில் குரலும் முதன்மைக் கிடாரும் இன்னும் அவர்களுடையவையாகவே இருந்தால் போதுமானது. கிடாரை மையமாகக் கொண்ட இசை குரலைக் காட்டிலும் நன்றாக மூப்பைத் தாங்குகிறது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிடார் கலைஞர், 1946இல் பிறந்த டேவிட் கில்மர் 2024இல் ரோமிலும் லண்டனிலும் வாசித்தது இதற்குச் சான்று. சொல்லை நம்பிப் பாடுகிறவர்களும் அப்படியே தாங்குகிறார்கள். 1941இல் பிறந்த பாப் டிலன் தம் பழைய பாடல்களின் மெட்டையே மாற்றிப் பாடுவதால், பாடல் எதுவென்று புரிவதற்குள் ஒரு சரணம் முடிந்துவிடும். உங்கள் பாடகர் எந்த வகையினர் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, போகத்தான் வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு என் வாழ்வில் நேர்ந்த ஓர் இழப்பே காரணம். 2003 ஏப்ரல் மாதத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்தது. நம் இளையராஜா பிறந்த அதே 1943இல் பிறந்த அதன் பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 59 வயது. "வயதாகிவிட்டது, இனி என்ன பாடப்போகிறார்" என்று எண்ணி நான் போகாமல் இருந்துவிட்டேன். அவர் அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேடை ஏறி, 2024இல்கூட அமெரிக்காவில் பாடினார். ஆனால் அந்தக் குழுவின் தாளத்தைத் தாங்கிய சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் மறைந்துவிட்டார். அன்று நான் மிச்சப்படுத்திய பணம் எதற்குச் செலவாயிற்று என்று இப்போது எனக்கு நினைவில்லை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில், பார்க்கின்சன் நோயுற்றிருந்த, பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் எழுந்து நிற்க முடியாமல் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். பதினேழு நாட்களில் இறந்துபோனார். அன்று அங்கிருந்தவர்கள் அவருடைய சுருதியை அளந்துகொண்டிருக்கவில்லை. மகன் காட்டும் யூடியூபில் அந்தக் குரலைக் கேட்கலாம்; பல்லாயிரம் பேரோடு சேர்ந்து அவருக்கு விடை கொடுப்பது அங்கே இயலாது.

இனி டிக்கெட்டுக்கு வருவோம். மேடையை ஒட்டி நிற்கும் பகுதியை விட்டுவிடுங்கள். கதவு பிற்பகலிலேயே திறக்கப்படும், இடம் பிடிக்க வேண்டுமானால் ஐந்தாறு மணி நேரம் நிற்க நேரும், கழிப்பறைக்குச் சென்றால் இடம் போய்விடும். இந்த வயதில் அதற்கு அதிக விலையும் கொடுக்க வேண்டியதில்லை. ஒலி மிகச் சீராகக் கேட்பது மேடைக்கு மிக அருகில் இல்லை; மைதானத்தின் நடுவே ஒலிப்பொறியாளர் அமர்ந்து ஒலியைக் கலக்கும் மேடையைச் சுற்றியும் அதற்கு நேர் பின்னாலும்தான், ஏனெனில் அவர் தம் காதுக்கு ஏற்பவே எல்லாவற்றையும் அமைக்கிறார். அதற்கு நேராக, உட்கார்ந்து பார்க்கும் வரிசையில் இடம் இருந்தால் அதை எடுங்கள். பெரும்பாலும் விலையும் குறைவாகவே இருக்கும். காதடைப்பான் ஒரு சோடி வாங்கிச் செல்லுங்கள். நிகழ்ச்சிக் கூடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்திருக்கிறது. அந்த அளவேகூட முதிய காதுக்கு அதிகம்.

விலையைப் பார்க்கும்போது கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை மட்டும் கணக்கில் எடுங்கள். 500 ரூபாய்க்கு மேற்பட்ட இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு; அதன் மேல் பதிவுக் கட்டணமும் ஏறும். முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டும் நேரத்தில் கட்டணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவதை, மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன. அப்படி நடந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றியும் ஒரு சொல். அவர்களுக்கு இந்தப் பாடல்களில் விருப்பம் உண்டா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. விருப்பம் இருந்தால் இருவரும் போங்கள். உங்களுக்குத் துணையாக மட்டும் வருகிறார்கள் என்றால், இரைச்சலில் மூன்று மணி நேரம் அவர்களை அமர வைப்பதைவிட, அந்தக் கேசட்டை உங்களோடு கேட்ட விடுதித் தோழர் யாரையாவது அழையுங்கள். அவர் தம் டிக்கெட்டைத் தாமே வாங்கிக்கொள்வார், அறை வாடகையிலும் பாதி குறையும். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். நின்று பார்க்கும் பகுதியை விட்டு, தோழரோடு செலவைப் பகிர்ந்தால், உங்கள் பங்கு ஏறத்தாழ 15,000 ரூபாயில் முடிந்துவிடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த ஓர் இரவுக்கு அது மிகையான விலை என்று நான் கருதவில்லை.

கேள்வி: மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வரும் என் தம்பிக்காக இதே போன்ற நிகழ்ச்சி ஒன்றுக்கு டிக்கெட் தேடினேன். எல்லாம் விற்றுவிட்டன. 7,000 ரூபாய் டிக்கெட்டை 18,000 ரூபாய்க்குத் தருவதாக இன்ஸ்டாகிராமில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: வேண்டாம், அம்மா. இத்தகைய டிக்கெட்டில் இருக்கும் கியூஆர் குறி வாயிலில் ஒரு முறைதான் செல்லும். ஒரே டிக்கெட்டின் படத்தை அந்த மனிதர் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார் என்பதை உங்களால் அறிய முடியாது. 2025 ஜனவரியில் நடந்த, கோல்ட்ப்ளே என்ற ஆங்கில ராக் குழுவின் நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்பனை நடந்தபோது கள்ளச் சந்தையும் போலி டிக்கெட்டுகளும் பெருகி, அமலாக்கத் துறை பல நகரங்களில் சோதனை நடத்தும் அளவுக்குப் போயிற்று. அதிகாரபூர்வத் தளத்தில் நிகழ்ச்சிக்கு முந்தைய நாட்களில், மேடை அமைப்பு முடிந்த பின்பு, ஒதுக்கி வைத்த இடங்களைச் சில வேளைகளில் விற்பனைக்கு விடுவார்கள். காலையும் மாலையும் பார்த்து வாருங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இத்தகைய குழுக்கள் வந்து போகும் நகரங்களே. தம்பி அங்கிருந்தே முறையாக வாங்கிப் பார்க்கலாம்.

கேள்வி: முதிய பாடகருக்கு உடல்நலம் குன்றி நிகழ்ச்சி நின்றுபோனால் நம் பணம் என்னவாகும்? (காரைக்குடி வாசகர்)

பதில்: இது வெறும் அச்சம் அன்று. ஏரோஸ்மித் குழு 2023இல் தொடங்கிய விடைபெறும் சுற்றுப்பயணம், பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளையில் ஏற்பட்ட காயத்தால் மூன்றே நிகழ்ச்சிகளோடு நின்று, 2024இல் முற்றிலும் கைவிடப்பட்டது. நிகழ்ச்சி ரத்தானால் டிக்கெட் விலை திரும்ப வரும். பதிவுக் கட்டணம் வருமா என்பது நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகளைப் பொறுத்தது. ரயில் கட்டணமும் அறை வாடகையும் உங்கள் பொறுப்பு. ஆகையால் முந்தைய நாள் வரை ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். சில நூறு ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை. நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டால், புதிய நாளில் போக முடியாதவர் பணத்தைத் திரும்பக் கேட்க எத்தனை நாள் கெடு என்பதையும் மின்னஞ்சலில் தவறாமல் பாருங்கள்.

டிக்கெட்டின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் நிகழ்ச்சி முடிந்த பிறகும் அழிக்காதீர்கள். 2023 செப்டம்பரில் சென்னையில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியில் டிக்கெட் இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியவர்களிடம், டிக்கெட்டின் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். நகல் வைத்திருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. அமைப்பாளர் பணம் தர மறுத்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், பெங்களூருக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு சேர்ந்துவிட வேண்டும்.