ரவுட்டரை அணைத்துப் போட்டால் மட்டும் சரியாகும் டிஎன்எஸ் கோளாறு: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாட்ஸ்அப் ஓடுகிறது, இணையதளங்கள் மட்டும் சில நேரம் திறப்பதில்லை, ரவுட்டரை அணைத்துப் போட்டால் இரண்டு நாள் தாங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் இதே தொல்லையோடு ஏறக்குறைய ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

வாட்ஸ்அப் ஓடுவதை நம்ப வேண்டாம். அது முன்பே திறந்து வைத்த இணைப்பிலேயே பேசிக்கொண்டிருப்பதால், இணையதளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியைக் கேட்கும் வேலை, அதாவது டிஎன்எஸ், அதற்கு அடிக்கடி தேவைப்படுவதில்லை. எங்கள் ஊரில் கதவு எண்ணைச் சொல்லி வீடு கேட்டால் விழிப்பார்கள். விலாச எழுத்துகளை, அதாவது அந்தக் குடும்பத்து முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சொன்னால் வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். டிஎன்எஸ் செய்வதும் அந்த வழிகாட்டும் வேலைதான்.

கோளாறு இருக்கும் நேரத்திலேயே, அதாவது ரவுட்டரைத் தொடுவதற்கு முன்பே, கணினியின் கட்டளைச் சாளரத்தில் 8.8.8.8 என்ற எண்ணுக்கு (கூகுளின் டிஎன்எஸ் சர்வர்) பிங் (ping, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள்; பிறகு ஏதாவது ஓர் இணையதளப் பெயருக்கும் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் ஒழுங்காக வந்து, பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான். எண்ணுக்கே பதில் விட்டுவிட்டு வந்தால் வைஃபையைப் பாருங்கள். எங்கள் ரவுட்டர் முகப்பில் இருந்தது; வளவை (நடு முற்றத்தை) தாண்டி இரண்டாங்கட்டுக்கு வருவதற்குள் அந்தப் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் அலையைக் குடித்துவிடும். டிஎன்எஸ் கேள்வி பெரும்பாலும் யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) வழியே, சர்வரின் 53ஆம் போர்ட்டுக்கு (வாசல் எண்) ஒற்றைப் பொட்டலமாகப் போவதால், அது வழியில் தொலைந்தால் கேட்ட கருவி சில நொடி காத்திருந்துதான் மறுபடி கேட்கும். லினக்ஸில் வழக்கமாக 5 நொடி. பார்ப்பவருக்கு அது டிஎன்எஸ் கோளாறாகவே தெரியும். கேபிள் இழுத்து, பின்கட்டில் அக்சஸ் பாயின்ட் (இன்னொரு வைஃபை பெட்டி) வைத்த பிறகு எங்கள் சிக்கலில் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி ரவுட்டருக்குள் இருந்தது. என்எஸ்லுக்அப் (nslookup, பெயருக்கு எண்ணைக் கேட்கும்) கட்டளையில் ஒரே பெயரை ஒருமுறை ரவுட்டரின் முகவரியிடமும் (எங்களுக்கு 192.168.1.1), அடுத்த முறை கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரான 1.1.1.1 இடமும் கேளுங்கள். எங்கள் வீட்டில் மாலை நேரத்தில் ரவுட்டர் வாய் திறக்காது, 1.1.1.1 உடனே சொல்லிவிடும். ரவுட்டர் தானாக எதையும் அறிவதில்லை. கேள்வியை வாங்கி, இணைய நிறுவனத்தின் சர்வருக்குக் கடத்தும் தரகுதான் அதன் வேலை. அந்தத் தரகு திணறினால் அணைத்துப் போடுவது ஓரிரு நாளைக்கு உதவும். ஆகவே ரவுட்டரின் டிஎச்சிபி அமைப்பில் (கருவிகளுக்கு முகவரிகளைத் தானாக வழங்கும் பகுதி), டிஎன்எஸ் என்ற இடத்தில் இருந்த ரவுட்டரின் முகவரியை நீக்கி, 1.1.1.1, 8.8.8.8 ஆகிய இரண்டையும் கருவிகளுக்கு நேரடியாகக் கொடுக்கச் செய்தேன். ஒன்றை ரவுட்டராகவே விட்டு மற்றதை மட்டும் மாற்றுபவர்கள் உண்டு. அதில் பயன் குறைவு, ஏனென்றால் முதல் சர்வர் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று தவறாகச் சொன்னாலும், கருவி அதை நம்பி இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடும்.

மாற்றிய பிறகும் என் மடிக்கணினி அடம்பிடித்தது. ஐபிகான்ஃபிக் ஆல் (ipconfig /all) கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது, ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாக ரவுட்டர் தன் முகவரியையே டிஎன்எஸ்ஸாக இன்னும் அறிவித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் பழைய முறையான ஐபிவி4 பக்கத்தை மட்டும் மாற்றியிருந்தேன். அதையும் மாற்றிவிட்டு, எல்லாக் கருவிகளையும் ஒருமுறை துண்டித்து இணையுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மட்டும் தொல்லை தொடர்ந்தால், பிரைவேட் டிஎன்எஸ் (Private DNS) அமைப்பில் யாராவது ஒரு சர்வர் பெயரை எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கைப்பேசி தன் கேள்விகளை அந்தச் சர்வரிடமே, வழக்கமாக 853ஆம் போர்ட் வழியே, கேட்பதால் ரவுட்டரில் நீங்கள் செய்த மாற்றம் எதுவும் அதைத் தொடாது.